குனிந்து நுழையும் வாசல்



ஒரு கோப்பைத் தேநீர் அருந்த உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்? மும்பையில் மின்ரயில் நிலையத்திற்கு வெளியே நின்றபடியே ‘கட்டிங்’ குடித்துவிட்டு ஓடுகிறவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஜப்பான் தேசத்திலோ, முழு முறைப்படி நடத்தப்படும் ஒரு தேநீர் விருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடிக்கும். அந்நிய தேசத்தின் இந்த வழக்கத்தைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதக் காரணம் என்னவென்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. நம்முடைய சபைகளிலிருந்து பொறியாளர்களாகவும் முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்களாகவும் அநேகம் பிள்ளைகள் இன்று ஜப்பானுக்குச் செல்லுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் இடத்தில் அவர்களைத் தேநீர் விருந்துக்கு அழைக்கிறார்கள். “ஐயா, இது அந்நிய வணக்கமா, அல்லது உபசரிப்பா? விசுவாசியாகிய நான் போகலாமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். இங்கேயிருக்கும் பெற்றோரும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நமது விசுவாசக் குடும்பங்களைச் சந்திக்க நான் அத்தேசத்திற்குச் சென்றிருந்த நவம்பர் மாதத்தில், கியோட்டோ நகரத்து வீடொன்றில் நடந்த தேநீர் விருந்தில் விருந்தாளியாக உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கண்டதையும் கற்றதையும் உங்கள் முன் வைக்கிறேன். வாசித்து, நிதானித்துப் பாருங்கள்.

இலை வந்த வரலாறு

தேயிலை ஜப்பானுக்குச் சீன தேசத்திலிருந்து வந்தது. எய்சாய் என்ற பௌத்தத் துறவி 1191ஆம் ஆண்டு சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார் என்பர். தேநீரின் மருத்துவக் குணங்களைக் குறித்து 1211இல் அவர் ஒரு நூலும் எழுதினார். தியானத்தின்போது தூக்கம் வராதிருக்கத் துறவிகள் தேநீர் அருந்தினார்கள். ஆகவே இவ்வழக்கத்தின் வேர் ஜென் பௌத்தத்தில் இருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் பிரபுக்களின் மாளிகைகளில் தேநீர் விருந்து ஆடம்பரமாயிற்று. விலையுயர்ந்த சீனப் பாத்திரங்களைக் காட்டிப் பெருமை பேசும் இடமாக அது மாறியது. அந்த ஆடம்பரத்தை விட்டு எளிமைக்குத் திருப்பியவர்கள் மூவர்: முராத்தா ஜுக்கோ, தாக்கெனோ ஜோவோ, சென் நோ ரிக்யூ. இவர்களில் ரிக்யூ (1522–1591) சாக்காய் என்னும் துறைமுக நகரத்து வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். இன்றும் கியோட்டோவில் தேநீர்க்கலையைக் கற்பிக்கும் மூன்று பெரிய சென் குடும்பங்களும் அவருடைய வழிவந்தவையே.

ரிக்யூவின் காலத்தில் தேசத்தை ஆண்டவர் டொயொட்டோமி ஹிதேயோஷி. அவர் சுவரெல்லாம் பொன் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றைச் செய்வித்து, 1586இல் அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்திக்கு அதில் தேநீர் அளித்தார். அவருடைய தேநீர் ஆசானாகிய ரிக்யூவோ, மண் சுவரும் மூங்கிலும் வைக்கோலும் போதும் என்றிருந்தார். கியோட்டோவுக்கு அருகே யாமாசாக்கியில் ‘தையான்’ என்றொரு தேநீர் அறை இன்றும் நிற்கிறது. ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் அந்த அறையின் தரை இரண்டு பாய் அளவே. ஒரு பாய் ஏறக்குறைய ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்டது. பொன் அறை அழிந்துபோயிற்று. மண் அறையை அந்த அரசாங்கம் தேசியப் பொக்கிஷமாகப் பாதுகாத்து வருகிறது.

1591இல் ஹிதேயோஷியின் கட்டளைப்படி ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. அதன் காரணம் இன்றளவும் விவாதத்திலிருக்கிறது. ஆள்வோருக்கு அருகில் இருப்பது எத்தனை ஆபத்தானது என்பது மட்டும் விளங்குகிறது.

உஜியின் தோட்டங்கள்

தேநீர் விருந்துக்குச் செல்லுமுன் உஜிக்குச் சென்று வந்தால் நல்லது. கியோட்டோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்திற்குள் போய்விடலாம். ஆற்றங்கரையில் அமைந்த அமைதியான ஊர். தெருவெங்கும் இலை வறுபடும் மணம் வீசும். அவர்களுடைய பத்து யென் நாணயத்தில் பொறித்திருக்கும் 1053ஆம் ஆண்டின் பழைய மண்டபமும் இவ்வூரிலேயே இருக்கிறது.

இங்கே விளையும் தேயிலை நம் நீலகிரித் தேயிலையைப் போல் வெயிலில் நின்று முற்றுவதில்லை. வசந்தகாலத்தில் பறிப்பதற்குமுன் மூன்று வாரமளவு செடிகளின்மேல் பந்தலிட்டு நிழல் செய்கிறார்கள். வெளிச்சம் குறைவதால் இலை கரும்பச்சையாகிறது, கசப்புத் தணிந்து சுவை கூடுகிறது. பறித்த இலையை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திருகையில் அரைக்கிறார்கள். அந்தப் பச்சைத் தூளே மட்சா. ஒரு திருகை ஒரு மணி நேரத்தில் அரைக்கக்கூடியது ஏறக்குறைய நாற்பது கிராம்தான். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் கெட்டுவிடும். ஒரு கிண்ணத்திற்கு இரண்டு கிராம் என்று வைத்தால், ஒரு மணி நேர உழைப்பில் இருபது பேருக்குத் தேநீர் கிடைக்கும்.

விருந்தாளி செய்ய வேண்டியவை

நீங்கள் அழைக்கப்பட்டால் இவற்றை நினைவில் வையுங்கள். தூய வெண்ணிறக் காலுறை அணிந்து செல்லுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். அது தேநீரின் மணத்தைக் கெடுக்கும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். அவை பழமையான கிண்ணங்களில் கீறல் உண்டாக்கக்கூடும். முழங்காலை மடித்து நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லிவிட்டால் சிறு முக்காலி தருவார்கள். எனக்கும் தந்தார்கள்.

முதலில் ஒரு சிறு தோட்டத்து வழியாக நடத்துகிறார்கள். பாசி படர்ந்த கற்களின்மேல் அடியெடுத்து வைக்க வேண்டியிருப்பதால் வேகமாக நடக்க இயலாது. வழியில் தாழ்வான கல் தொட்டி ஒன்று இருக்கிறது. குனிந்து உட்கார்ந்து, மூங்கில் அகப்பையால் நீர் மொண்டு கைகளையும் வாயையும் கழுவிக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வாசல். அதை வாசல் என்பதைவிடச் சாளரம் என்றே சொல்லலாம். ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் உயரம், 63 சென்டிமீட்டர் அகலம். எத்தனை பெரியவரானாலும் தலையைத் தாழ்த்தி, முழங்காலால் ஊர்ந்துதான் உள்ளே புக முடியும். வெளியே ஒரு தாங்கி உண்டு. அக்காலத்துப் போர்வீரர் தங்கள் வாளை அதில் வைத்துவிட்டே உள்ளே சென்றார்கள். இடுப்பில் வாளோடு அந்த வாசலில் நுழைய முடியாது. உள்ளே பிரபுவும் வணிகனும் ஒரே பாயில் முழங்காற்படியிட்டு உட்கார்ந்தார்கள். மனுஷனுடைய அந்தஸ்து இன்னதென்று உடையிலும் ஆயுதத்திலும் தெரிந்த ஒரு தேசத்தில், நானூறு ஆண்டுகளுக்கு முன்னே இது சிறிய காரியமல்ல.

கிண்ணம் கைக்கு வருதல்

நான் சென்ற மாதத்தில் தரைக்குழியிலுள்ள அடுப்பைத் திறந்திருந்தார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையடுப்பு, மே முதல் அக்டோபர் வரை தனிக் கணப்பு என்பது முறை. குளிர்காலத்தில் விருந்தாளிக்கு அனல் அருகே வருகிறது, வெயிற்காலத்தில் விலகிப் போகிறது. இரும்புக் கொப்பரையில் வெந்நீர் முணுமுணுக்கும் சத்தத்தை அவர்கள் பைன் மரங்களினூடே வீசும் காற்றுக்கு ஒப்பிடுகிறார்கள். அறையில் வேறு சத்தமே இல்லை.

முதலில் மேப்பிள் இலை வடிவில் செய்த பயற்றுப் பலகாரம் தந்தார்கள். இனிப்பை முழுவதும் உண்டு முடித்த பின்னரே தேநீர் வரும். வீட்டம்மையார் அறுபது வயதைக் கடந்தவர். ஏற்கெனவே சுத்தமாயிருந்த பாத்திரங்களை எங்கள் கண்முன் பட்டுத் துணியால் மறுபடியும் துடைத்தார். மொழிபெயர்க்க வந்த தம்பியிடம் மெல்லிய குரலில், “சுத்தமாயிருப்பதை ஏன் துடைக்கிறார்கள்?” என்று கேட்டேன். அவன் அம்மையாரிடம் கேட்டுச் சொன்னான்: “பாத்திரத்தைத் துடைக்கும்போது என் மனதையும் துடைக்கிறேன் என்கிறார்கள், ஐயா.”

கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொட்டி, உலர்த்தி, மூங்கில் கரண்டியால் பச்சைத் தூளை இட்டு, வெந்நீர் வார்த்து, ஒரே மூங்கில் துண்டைச் சீவிச் செய்த மத்தினால் நுரை வரும்படி கலக்கினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கிண்ணத்தின் அழகான முகப்பு விருந்தாளியை நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தார்.

இப்பொழுது விருந்தாளியின் முறை. அடுத்து உட்கார்ந்திருப்பவருக்குத் தலைதாழ்த்தி, “உங்களுக்கு முன்பாக அருந்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டும். வீட்டாருக்கு நன்றி சொல்லி, கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் இரண்டு தரம் திருப்ப வேண்டும். முகப்பில் வாய் வைக்கலாகாது என்பதே காரணம். வீட்டார் தம்மிடமுள்ள சிறந்த பக்கத்தை விருந்தாளிக்குக் கொடுக்கிறார். விருந்தாளியோ அதற்குத் தாம் பாத்திரரல்ல என்று பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறார். கனம்பண்ணுவதில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளும் அந்தச் சிறு செய்கை என் உள்ளத்தைத் தொட்டது. கடைசி மிடற்றை உறிஞ்சும் ஓசையோடு குடிப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. மகிழ்ந்து முடித்தேன் என்பதற்கு அடையாளம்.

சுவை எப்படியென்று கேட்பீர்கள். முதல் மிடறு கசப்பு. வாயில் தங்கியிருந்த இனிப்போடு கலந்து, பிறகு இளந்தளிரின் வாசனை எழுகிறது. மூன்றரை மிடற்றில் முடிந்துவிடும்.

அதிகக் கெட்டியான தேநீரை ஒரே கிண்ணத்திலிருந்து அனைவரும் அருந்துவதும் உண்டு. கிறிஸ்தவ திருவிருந்தைப் பார்த்தே இவ்வழக்கம் உண்டாயிற்று என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சரித்திர ஆதாரம் இல்லை. ஆகையால் அதை மேடையில் சாட்சியாகச் சொல்லாதிருப்பது நல்லது. 2020இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகு பல இடங்களில் தனித்தனிக் கிண்ணம் தருகிறார்கள்.

தலைதாழ்த்துவது யாருக்கு?

இனிக் கேள்விக்கு வருவோம். அறையின் ஒரு பக்கத்தில் உள்ளடங்கிய மாடம் ஒன்று உண்டு. அதில் எழுத்தோவியச் சுருள் ஒன்று தொங்கும். அதனருகே ஒரு பூ இருக்கும். விருந்தாளி உள்ளே வந்ததும் மாடத்தின்முன் அமர்ந்து, தலைதாழ்த்தி, எழுத்தை வாசிப்பது முறை. அந்த எழுத்துப் பெரும்பாலும் ஜென் மரபைச் சேர்ந்த வாக்காகவே இருக்கும்.

எனக்கு இதில் தெளிவு தேவைப்பட்டது. ஆகவே விருந்துக்கு முந்தின நாளே தம்பியின் மூலமாக அம்மையாரிடம் கேட்டேன். “இது எழுதியவருக்கும் வாசகத்துக்கும் செலுத்தும் மரியாதை. உங்கள் மனம் இடம் கொடாவிட்டால் வாசித்தால் போதும்” என்று அவர் பதில் அனுப்பினார். அவ்வாறே செய்தேன். சுருளின்முன் அமர்ந்து அதன் பொருளைக் கேட்டறிந்தேன். வீட்டம்மையாருக்கு முன்பாக முழுமையாய்த் தலைதாழ்த்தினேன். அவர் முகம் சற்றும் வாடவில்லை. சுருளில் இருந்த வாசகம் ‘ஒரு வேளை, ஒரு சந்திப்பு’ என்பதாம். இந்தச் சந்திப்பு மறுபடியும் வராது என்று எண்ணி உபசரி என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈ நாவோசுக்கே என்ற பிரபு இந்தக் கருத்தை விரித்தெழுதினார். அவர் 1860இல் அரண்மனை வாசலருகே படுகொலை செய்யப்பட்டார்.

வேதத்தை வாசிக்கிற நாம் இரண்டு விதமான வணக்கத்தை அறிவோம். ஆபிரகாம் ஏத்தின் புத்திரருக்கு முன்பாகக் குனிந்தான். யாக்கோபு தன் சகோதரனாகிய ஏசாவுக்கு முன்பாக ஏழு தரம் குனிந்தான். அது மனுஷருக்குச் செலுத்திய மரியாதை. பாபிலோனில் மூன்று வாலிபர் பொற்சிலைக்கு முன்பாகக் குனிய மறுத்தார்கள். அது தேவனுக்கே உரிய ஆராதனை. குனிவது ஒன்றுபோல் தோன்றினும், யாருக்கு, எதற்கு என்பதே கேள்வி. அந்நியரின் பந்தியில் உட்காருவதைக் குறித்துக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள்.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆலோசனை இது. வீட்டிலும் அலுவலகத்திலும் தோட்டத்து அறையிலும் உபசரிப்பாக நடக்கும் தேநீர் விருந்துக்குத் தாராளமாகச் செல்லுங்கள். பௌத்த ஆலயங்களிலும் ஷிண்டோ கோவில்களிலும் தேநீரைப் படைத்துச் செலுத்தும் சடங்கு தனியாக உண்டு. அது ஆராதனை, அதில் பங்குகொள்ள வேண்டாம். எது எதுவென்று தெரியாவிட்டால் முன்னதாகவே பணிவோடு கேளுங்கள். கேட்பவரை அந்த ஜனங்கள் அவமதிப்பதில்லை. பங்குகொள்ள மனச்சாட்சி இடம் கொடாத சகோதரனை, இடம் கொடுத்த சகோதரன் பரியாசம் பண்ண வேண்டாம்.

தேநீர் அறையில் ஜெபித்தவர்

இக்கேள்வி நமக்கு முன்னே வந்தவர்களுக்கும் இருந்தது. 1549இல் பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானில் இறங்கிய பின்பு கிறிஸ்தவரான பிரபுக்களில் ஒருவர் தக்காயாமா உக்கோன். ரிக்யூவின் முதன்மையான ஏழு சீடருள் ஒருவராக அவரை எண்ணுகிறார்கள். 1587இல் ஹிதேயோஷி கிறிஸ்தவத்திற்கு விரோதமாய்த் திரும்பியபோது, விசுவாசத்தை விடுவதா ஆட்சிப்பகுதியை விடுவதா என்ற நிலை வந்தது. உக்கோன் ஆட்சிப்பகுதியை விட்டார். தேநீர் அறையின் அமைதியில் தனித்திருந்து ஜெபிப்பது அவருக்கு வழக்கம் என்று அக்காலத்தில் அங்கிருந்த ஜோவான் ரொட்ரீகஸ் என்னும் மிஷனரி எழுதி வைத்திருக்கிறார். 1614இல் தேசமெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டபோது உக்கோன் மணிலாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1615இல் அங்கே மரித்தார். அவர் கத்தோலிக்கர், 2017இல் அந்தச் சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது. நம்முடைய உபதேச வழி வேறாயினும், பதவியைக் காட்டிலும் விசுவாசத்தைப் பெரிதாக எண்ணிய அந்த வீரரை நாம் கனம்பண்ணலாம்.

அந்தத் தடை 1873இல்தான் நீங்கிற்று. அதன்பின் கியோட்டோவில் 1875இல் கிறிஸ்தவக் கல்விச்சாலையாகத் தொடங்கி, இன்று தோஷிஷா பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பதை நிறுவியவர் நீஜிமா ஜோ. அவருடைய மனைவி யாயே 1876இல் ஞானஸ்நானம் பெற்றார். 1890இல் கணவரை இழந்த பின்பு அவர் போர்க்காயம்பட்டோருக்குத் தாதியாக ஊழியம் செய்தார். முதிர்வயதில் தேநீர்க்கலையைக் கற்று, தம் வீட்டின் அறையொன்றையே தேநீர் அறையாக மாற்றி, பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். 1932இல் மரிக்குமளவும் அவர் கிறிஸ்தவராகவே இருந்தார்.

நமது பத்துக்குப் பத்து

அன்பானவர்களே, நகரத்திற்குப் பிழைக்க வந்த நம்மில் பலர் சொல்லுகிற வார்த்தை ஒன்றுண்டு: “வீடு சின்னது பாஸ்டர், யாரையும் கூப்பிட முடியவில்லை.” பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் வாழும் கஷ்டத்தை நான் அறிவேன், அப்படிப்பட்ட அறைகளில் பல ஜெபக்கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த இரண்டு பாய் அறை ஏறக்குறைய முப்பத்தைந்து சதுர அடி. உங்கள் ஒரே அறைக்குள் அவ்வளவு தரை இரண்டுக்கு மேல் அடங்கும். ஆயுதம் தரித்த பிரபுக்களைக் கனப்படுத்திய இடம் உங்கள் அறையைவிடச் சிறியது. விருந்தாளி நினைவில் வைப்பது அறையின் அளவையல்ல, தமக்காகக் கழுவப்பட்ட கோப்பையையும் தமக்காக ஒதுக்கப்பட்ட நேரத்தையுமே.

மேலும், அந்தத் தாழ்ந்த வாசலைக் குறித்தும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அவர்கள் வாளை வெளியே வைத்தார்கள். நாம் ஜெபவீட்டுக்குள் எதைச் சுமந்துகொண்டு வருகிறோம்? ஊர்ப்பெருமையையா, சாதிப்பெருமையையா, அலுவலகப் பதவியையா? திருநெல்வேலிக்காரர் ஒருபுறமும் கன்னியாகுமரிக்காரர் மறுபுறமும் உட்காரும் சபைகள் நம் நகரங்களில் இல்லாமலில்லை. தேவனை அறியாத ஜனங்கள் என்று நாம் எண்ணுகிறவர்கள் ஒரு கோப்பைத் தேநீருக்காகத் தங்கள் வாளைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவரைப் பின்பற்றும் நாம் எத்தனை அதிகமாய்க் குனிய வேண்டும்!

இந்த மாதத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து, சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஒருவரோடும் பேசாமல் ரயிலேறிப் போய்விடும் ஒரு வாலிபனையோ ஒரு குடும்பத்தையோ வீட்டுக்கு அழையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைபேசியை அலமாரியில் வையுங்கள். இருக்கிற கோப்பைகளில் நல்ல கோப்பையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் அடுத்த மாதம் வேறு நகரத்திற்கு மாற்றலாகிப் போகக்கூடும். உங்களை மறுபடியும் சந்திக்காமலும் போகலாம். அந்த ஒரு வேளைக்கு நான்கு மணி நேரம் வேண்டியதில்லை. அவசரமில்லாத அரைமணி நேரம் போதும்.